துருத்திக்குழலும் தோட்டத்துத் தப்பும்



திம்புள்ளைப் பகுதியில் வாழும் ஒருவர், அறிந்தோ அறியாமலோ, நாள்தோறும் ஸ்கொட்லாந்து தேசத்தின் பெயர்களைப் பலமுறை உச்சரித்துவிடுகிறார். அக்கரபத்தனைப் பக்கம் போனால் கிளென்லயன், பெல்மோரல், வேவர்லி, தலவாக்கலைக்கு அருகே ஹோலிறூட், நானுஓயாவிலே எடின்பரோ, பூண்டுலோயாவிலே டன்சினன். கிளென் என்பது கேலிக் மொழியிலே பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல். பெல்மோரல் அந்நாட்டிலுள்ள அரச மாளிகையின் பெயர். டன்சினன், சேக்சுபியரின் 'மக்பெத்' நாடகத்திலே வரும் குன்று. வேவர்லியோ சேர் வோல்ட்டர் ஸ்கொட் எழுதிய நவீனத்தின் பெயர். இத்தனையும் நம் தாய்மாரின் வாயிலே கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் போலப் பழகிய சொற்களாகிவிட்டன.

இதற்குக் காரணம் யாவரும் அறிந்ததே. முதலிற் கோப்பியும், 1869ஆம் ஆண்டில் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்த பின்னர்த் தேயிலையும் பயிரிட வந்த துரைமாரிற் பெரும் பகுதியினர் ஸ்கொட்லாந்தினர். 1867ஆம் ஆண்டு லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலையை வாணிகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்நாட்டின் கிழக்குப் பகுதியிலே 1835ஆம் ஆண்டிற் பிறந்தவரே. அவர்கள் தம் ஊர்களின் பெயர்களை நம் மலைகளுக்குச் சூட்டினார்கள். ஆனால் தம் இசையை நம் லயங்களில் விட்டுச் செல்லவில்லை. அந்த இசையைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

இதற்குத் தூண்டுகோலாக அமைந்தது ஒரு கடிதம். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது கிளாஸ்கோ நகரிலே தொழில் புரிகிறார். கடிதம் எழுதும் வழக்கம் அருகிவிட்ட இந்நாளிலும் ஆண்டுக்கு இரண்டு மூன்று மடல்கள் வரைகிறார். அவருடைய அயலவர் ஒருவர் குழல்வாத்தியக் குழு ஒன்றிலே முரசு கொட்டுபவராம். ஆவணி மாதத்துச் சனி, ஞாயிறு விடுமுறையிலே அக்குழு பியூட் என்னும் தீவிற்குப் புறப்பட்டபோது நம்மவரையும் துணைக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். வீமிஸ் பே என்னும் துறையிலிருந்து கப்பலேறினால் ஏறக்குறைய முப்பத்தைந்து நிமிடத்திலே தீவின் தலைநகராகிய ரொத்சேயை அடைந்துவிடலாம். ஆண்டுதோறும் அங்கே மலைநாட்டு விளையாட்டு விழா நடைபெறுகிறது. ஓட்டமும் பாரந்தூக்கி எறிதலும் நடனமும் ஒரு புறம் நடக்க, மறுபுறம் ஊரூராக வந்த குழல்வாத்தியக் குழுக்கள் தம்முட் போட்டியிடும்.

"கப்பலின் மேல்தட்டிலே பள்ளிச் சிறுவரும், தபால்காரரும், ஓய்வுபெற்ற கிழவர் ஒருவரும் ஒருங்கே நின்று குழல்களைச் சுருதி கூட்டினார்கள். யார் எந்தக் குடும்பத்தார் என்று எவரும் கேட்கவில்லை. எனக்கு நம் தோட்டத்துத் தப்பு நினைவுக்கு வந்தது, சேர்" என்று அவர் எழுதியிருந்தார். அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சில நாட்கள் உறங்கவிடவில்லை. ஏனென்று பின்னர்ச் சொல்கிறேன்.

ஆங்கிலத்திலே பாக்பைப் எனப்படும் இக்கருவியைத் துருத்திக்குழல் என்று நாம் அழைக்கலாம். கொல்லனின் துருத்தியைப் போன்ற ஒரு தோற்பை. அதனை ஊதுபவர் தம் இடக்கையின் கீழே அணைத்துக்கொள்வார். ஒரு குழாயின் வழியே வாயினாற் பையிலே காற்றை நிரப்புவார். பையிலிருந்து புறப்படும் நான்கு குழல்களில் ஒன்று இரு கைவிரல்களாலும் வாசிக்கப்படுவது. ஏனைய மூன்றும் தோளின் மேல் நிமிர்ந்து நின்று, இடைவிடாது ஒரே சுரத்தை ஒலிப்பவை. வாசிக்கும் குழலிலே, நம் நாதசுரத்துச் சீவாளியைப் போன்று, இரண்டு மெல்லிய நாணற் பட்டைகள் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். தோள்மேல் நிற்பவை நம் ஒத்து வாத்தியத்தின் தொழிலைச் செய்கின்றன. ஆகவே நாதசுரக்காரரையும் ஒத்துக்காரரையும் ஒரே ஆளாக்கி, அவர் மூச்சு வாங்குவதற்கு ஒரு பையையும் கொடுத்துவிட்டால் அதுவே துருத்திக்குழல். அருகிலே தவில் நிற்க வேண்டிய இடத்தில் அவர்களுடைய முரசுகள் நிற்கின்றன.

இக்கருவியிற் பிறப்பவை ஒன்பது சுரங்களே. ஆதார சட்சத்திலிருந்து மேற்சட்சம் வரை எட்டு. கீழே ஒரு நிடாதம். இச்சுரங்களை வரிசையாக வாசித்தால் நம் அரிகாம்போதியின் சாயல் தோன்றும். பழந்தமிழர் செம்பாலை என்றது இந்த அரிகாம்போதியையே என்பது இசை ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. கடல் கடந்த குளிர்நாட்டிலே நம் செம்பாலை ஒலிக்கிறது என்று மேடைக்கு மேடை பெருமை பேசுவோர் நம்மிடையே உண்டு. நான் அதற்கு உடன்படேன். ஏழு சுரங்களை வைத்துக்கொண்டு மனிதர் செய்யக்கூடிய ஒழுங்குகள் சிலவே. இரு நாட்டார் தனித்தனியே ஒன்றைக் கண்டுகொள்வதில் வியப்பில்லை.

வியப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. பையிலே காற்று உள்ளவரை இக்குழல் ஓயாது ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே மௌனம் என்பதே இல்லை. ஒலியைப் பெருக்கவும் குறைக்கவும் இயலாது. அப்படியாயின், ஒரே சுரத்தை இருமுறை வாசிப்பது எங்ஙனம்? இடையிலே கண்ணிமைக்கும் நேரத்திற்கு வேறொரு சுரத்தை விரலினாற் சுண்டி விடுகிறார்கள். இச்சுண்டல்களே அவ்விசைக்குத் தாளத்தையும் அழகையும் தருகின்றன. குறையை மறைக்கப் பிறந்த உத்தி கலையாகவே வளர்ந்துவிட்டது.

இதனைக் கற்பித்த முறை நமக்கு மிக நெருங்கியது. ஸ்கை என்னும் தீவிலே மக்ளவுட் குலத் தலைவர்களுக்குப் பரம்பரைக் குழல்வாசிப்பாளராக விளங்கியவர்கள் மக்கிரிமன் குடும்பத்தினர். பொரெறெய்க் என்ற இடத்திலே அவர்களுடைய இசைப்பள்ளி இருந்தது. அக்காலத்திலே சுரங்களை ஏட்டில் எழுதும் வழக்கம் இல்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் சுண்டலுக்கும் ஒவ்வோர் அசையை வகுத்து, மாணவன் பாட்டு முழுவதையும் முதலில் வாயினாற் பாடி மனத்திற் பதித்த பின்னரே குழலைத் தொட்டான். நம் தவில், மிருதங்க ஆசிரியர்கள் சொற்கட்டுச் சொல்லிக் கொடுப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இப்பாட்டுக்கள் மேனாட்டுச் சுர எழுத்திலே பெருந்தொகுதியாக அச்சேறியது 1838ஆம் ஆண்டில், அங்கஸ் மக்கே என்பவரின் முயற்சியால்.

தமிழகத்திலும் பைவாத்தியம் இருந்தது என்பதையும் இடையிலே சொல்லி வைக்கிறேன். ஆட்டுத்தோலாற் செய்த துத்தி என்ற கருவியைச் சதிராட்டக் குழுவிலே சுருதிக்காக ஊதினார்கள். சுருதிப்பெட்டி வந்ததும் அது மறைந்தது. அதனை ஊதியவர்களின் பெயரை இன்று கேட்பாரில்லை.

ஸ்கொட்லாந்தின் குழலுக்கும் மறையும் காலம் ஒன்று நெருங்கியது. 1746ஆம் ஆண்டு ஏப்ரலிலே குலோடன் போர்க்களத்தில் மலைநாட்டார் தோல்வியுற்றார்கள். அவர்களுடைய உடைக்கும் ஆயுதத்துக்கும் தடை விதிக்கப்பட்டது. குழலையும் சட்டம் தடைசெய்தது என்று பலர் எழுதுவர். சட்டத்திலே குழலின் பெயர் இல்லை. ஆனால் ஜேம்ஸ் ரீட் என்ற குழல்வாசிப்பாளர், தாம் வாளேந்தவில்லை என்று வாதாடியும், குழல் இன்றி மலைநாட்டுப் படை நடந்ததில்லை, ஆதலின் குழலும் போர்க்கருவியே என்று கொள்ளப்பட்டு, அவ்வாண்டே யோர்க் நகரிலே தூக்கிலிடப்பட்டார்.

அதன் பின்னர் வந்தது ஆயுதத்தினும் கொடியது. செம்மறியாட்டு மந்தைகளுக்கு இடம் வேண்டி, நிலக்கிழார்கள் மலைகளிலும் தீவுகளிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடிகளை வெளியேற்றினார்கள். கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கப்பல்கள் சென்றன. 1882ஆம் ஆண்டு ஸ்கை தீவிலே, கிளாஸ்கோவிலிருந்து வந்த பொலிசாரைப் பெண்களும் ஆண்களும் கல்லெறிந்து எதிர்த்தார்கள். 1886ஆம் ஆண்டிலேயே சிறுகுடியானவரின் நிலவுரிமைக்குச் சட்டம் பிறந்தது. ஏறத்தாழ அதே காலத்திலே, திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் மன்னார் வழியாக நடந்து இம்மலைகளை அடைந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் துயரை மற்றவர் துயரோடு தராசில் நிறுப்பது முறையன்று. அந்நாட்டவர் சிலர் இங்கே நமக்குத் துரைமாராக இருந்ததையும் மறப்பதற்கில்லை.

குழல் எவ்வாறு பிழைத்தது? எந்த அரசு அதனைப் போர்க்கருவி என்றதோ, அதே அரசின் படைகளே அதனை எடுத்துக்கொண்டன. மலைநாட்டுப் படைப்பிரிவுகளோடு அது உலகெங்கும் சென்றது. இந்தியப் படையிலே இன்றும் துருத்திக்குழற் குழுக்கள் உள்ளன. பாகிஸ்தானின் சியால்கோட் நகரம் இக்குழல்களைச் செய்து பிறநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது. பின்னர் நகரங்களும் ஆலைகளும் பள்ளிகளும் தத்தமக்குக் குழுக்களை அமைத்தன. ஒரு குடும்பத்தின் தொழிலாக இருந்தது, விரும்பியவர் எவரும் கற்கும் கலையாயிற்று. ஆவணியிலே கிளாஸ்கோவில் நடைபெறும் உலகப் போட்டிக்குப் பல நாடுகளிலிருந்தும் குழுக்கள் வருகின்றன. போட்டியின்போது அவர்கள் வட்டமாக, ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி நின்று வாசிப்பார்கள். காண்போருக்குத் தெரிவது முதுகுகளே.

நேயர்களே, தப்படிப்போரும் இவ்வாறே வட்டமாக நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மரவளையத்திலே தோலை இறுக்கி, இடக்கையில் மெல்லிய சிம்புக்குச்சியும் வலக்கையிலே தடித்த அடிக்குச்சியும் கொண்டு முழக்கும் அக்கருவி, நம் தோட்டங்களின் கடிகாரமாக இருந்தது. விடியுமுன் தப்பொலி கேட்டே மக்கள் எழுந்து பிரட்டுக்களத்திற்குச் சென்றார்கள். பிரட்டு என்ற சொல்லே, அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. அடியைக் கேட்டே அடுத்த மலையிலுள்ளவர்கள் செய்தியை உணர்வார்கள். ஆனால் அதனை முழக்கியவர்கள் ஒரு சாதியார். அவர்களுக்குக் கிடைத்த மரியாதை என்னவென்று நான் விரிக்க வேண்டியதில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி மக்கள் தலைமன்னார்த் துறைக்கு இரயிலேறிய நாட்களிலே, அக்கருவிகள் பல பரண்களில் விடப்பட்டன.

என் பாட்டனார் தப்படித்தவர். பல்கலைக்கழகத்திலே பயின்ற காலத்தில் இதனை நான் எவரிடமும் சொன்னதில்லை. என் மாணவரின் கடிதம் உறக்கத்தைக் கெடுத்தது இதனாலேதான்.

எங்கள் பாடசாலை விளையாட்டு விழாவிலே எக்காளமும் மேனாட்டு முரசும் கொண்ட வாத்தியக் குழு அணிவகுப்பது வழக்கம். அடுத்த விழாவிலே தப்பும் ஒலிக்க வேண்டுமென்று ஆசிரியர் கூட்டத்திற் சொன்னேன். சாவுக் கொட்டைப் பிள்ளைகள் கையிற் கொடுப்பதா என்று ஒருவர் வினவினார். அதை நான் எதிர்பார்த்தேன். எதிர்பாராதது வேறொன்று. தோட்டத்திலே தப்படிப்பவர் ஒருவரை, அவருடைய மகன் எங்களிடம் பயில்பவன், அழைத்துக் கேட்டபோது அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது எங்களோட போகட்டும் சேர். புள்ளைக்கு வேணாம்."

அவர் சொன்னதிலே நியாயம் இருந்தது. எனக்கு மறுமொழி தோன்றவில்லை. பேச்சை மாற்றுவதற்காகவே, கிளாஸ்கோவிலிருந்து வந்த ஒலிப்பதிவைக் கைப்பேசியிலே போட்டுக் காட்டினேன். அவர் குழலைப் பொருட்படுத்தவில்லை. முரசையே கூர்ந்து கேட்டார். "இவங்க தோலு காயவச்ச தோலு இல்ல போல. ஒரே மாதிரிப் பேசுது" என்றார். உண்மையே, இக்காலத்து முரசுகளில் இருப்பது தோலன்று, செயற்கைப் பொருள். பின்பு, வாசிப்பவர்கள் எல்லாரும் ஒரே ஆட்களா என்று கேட்டார். இல்லை, தபால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் என்றேன். நெடுநேரம் பேசாமலிருந்து, "எல்லா வீட்டுப் புள்ளைகளும் எடுத்தா, என் மகனும் எடுப்பான். நானே சொல்லிக் குடுக்குறேன். அவன் மட்டும்னா முடியாது சேர்" என்றார்.

பன்னிரண்டு பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தோம். ஒரு வீட்டார் வந்து தம் மகனை அழைத்துச் சென்றுவிட்டார்கள். இன்னொரு வீட்டார் முதலிலே மறுத்து, பின்னர்த் தம் மகளை அனுப்பினார்கள். அவர் சொற்கட்டையே முதலில் வாயாற் சொல்ல வைத்தார். மூன்று வாரம் குச்சியைத் தொட விடவில்லை.

விழா நாளன்று காலையிலிருந்தே மூடுபனி. ஈரத்திலே தோல் தொய்ந்து, தப்புக்கள் ஊமையாகிவிட்டன. மைதானத்தின் ஓரத்திலே காய்ந்த சருகைக் கூட்டித் தீமூட்டி, பன்னிரண்டு பிள்ளைகளும் வட்டமாகக் குந்தித் தப்புக்களைக் காய்ச்சினார்கள். அவர் ஒவ்வொன்றையும் வாங்கி விரலாற் சுண்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதனால் அஞ்சலோட்டம் பத்து நிமிடம் பிந்தியது.