46 மணி நேர விலைக்கழிவு

பினாங்கின் பிராங்கின் மாலில் கைப்பேசிக் கடைக்காரர் விலையை மலேசிய வெள்ளியில் சொல்வார். அதை வேலை நேரமாக மாற்றிப் பார்ப்பது என் வழக்கம். முதல் திறன்பேசி வாங்குகிறவருக்கு அந்தக் கணக்குதான் உண்மையான விலை.

2012 செப்டம்பர் 28 அன்று அப்போதைய மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக் தாக்கல் செய்த 2013 வரவு செலவுத் திட்டத்தில், 3ஜி திறன்பேசி வாங்கும் இளையோருக்கு 200 வெள்ளி கழிவு கிடைத்தது. வயது 21 முதல் 30 வரை. மாத வருமானம் 3,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது. போனின் விலை 500 வெள்ளிக்குள். 15 லட்சம் பேருக்கு 30 கோடி வெள்ளி.

2013 ஜனவரியில் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி. நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 208 மணி நேரம். மணிக்கு 4 வெள்ளி 33 காசு. 500 வெள்ளிப் போன் 115 மணி நேர உழைப்பு. கழிவு போக 300 வெள்ளி, 69 மணி நேரம். அரசாங்கம் ஏற்றுக்கொண்டது 46 மணி நேரம், ஏறக்குறைய 6 நாள் வேலை. அற்பத் தொகை என்று தள்ள முடியாது. ஆனால் அந்த வயது வரம்பு எனக்கு இன்றும் விளங்கவில்லை. எஸ்பிஎம் பள்ளித் தேர்வை முடித்த கையோடு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சேர்ந்த 19 வயதுப் பெண்ணுக்கும் கழிவு இல்லை, அவளுடைய அம்மாவுக்கும் இல்லை. இருவருமே அப்போதுதான் பொத்தான் போனை விட்டு மாறிக்கொண்டிருந்தவர்கள்.

 

போனை வாங்கிய பிறகு வரும் மின்சாரச் செலவையும் பார்க்கலாம். 1,500 மில்லி ஆம்பியர் மணி மின்கலம், 3.7 வோல்ட்: ஒருமுறை முழுதாக ஏற்ற ஐந்தரை வாட் மணி. நாள்தோறும் ஏற்றினால் ஆண்டுக்கு 2 யூனிட். வீடுகளுக்கு முதல் 200 யூனிட் வரை யூனிட்டுக்கு 21.8 காசு என்பது அன்றைய கட்டணம். சார்ஜரில் வீணாவதைச் சேர்த்தாலும் ஆண்டு முழுவதற்கும் 1 வெள்ளி ஆகாது. “ராத்திரியெல்லாம் சொருகி வைக்காதே, கரண்டு பில் ஏறும்” என்று திட்டிய அம்மாக்களிடம் இந்தக் கணக்கைக் காட்டிப் பயனில்லை.

இவை செலவுகள்; திறன்பேசியால் கிடைத்த வரவுப் பக்கத்தில் தமிழ் இருக்கிறது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து. யூனிகோட் தமிழில் 70 குறியீடுதான். ‘பினாங்கு’ நமக்கு 4 எழுத்து, கைப்பேசிக்கு 8 குறியீடு: துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக இடம் பிடிக்கும். அதனால்தான் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினார்கள். மலேசியரான முத்து நெடுமாறனின் செல்லினம் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் அறிமுகமாகித் தமிழில் எழுத வழி திறந்தது. 2013-இல் ஐஓஎஸ் 7 தமிழ் விசைப்பலகையோடே வந்தது. இணையம் வழி அனுப்பும் செய்திக்கு இந்த 70 வரம்பு இல்லை. ஆக, வாட்ஸ்அப் தமிழில் நாம் புள்ளி வைக்கக் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

2021 டிசம்பர் 31-உடன் 3ஜி சேவையை நிறுத்துவது ஜென்டேலா என்ற நாட்டின் இணைய மேம்பாட்டுத் திட்டத்தின் முடிவாக இருந்தது. 2013-இல் 300 வெள்ளி கொடுத்து வாங்கிய 3ஜி போன் அதுவரை உழைத்திருந்தால் மாதச் செலவு 2 வெள்ளி 78 காசு. 108 மாதம் தாங்கிய மலிவுப் போனை நான் பார்த்ததில்லை. தாங்கியிருந்தாலும் அதன் பிறகு, வைஃபை இல்லாத இடத்தில், பெரும்பாலும் பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும்தான் உதவும்.

அடுத்த போனுக்கும் அரசு உதவியது. 2021 வரவு செலவுத் திட்டத்தின் ஜாரிங்கான் பிரிஹாத்தின் உதவித் திட்டம், குறைந்த வருமானமுள்ள பி40 பிரிவினர் 80 லட்சம் பேருக்குத் தலா 180 வெள்ளி கொடுத்தது. இணையக் கட்டணத்துக்கோ புதுப் போனுக்கோ வைத்துக்கொள்ளலாம்; ஒதுக்கீடு 150 கோடி, பழையதைப் போல ஐந்து மடங்கு. அப்போது ஜார்ஜ்டவுனில் குறைந்தபட்சச் சம்பளம் 1,200 வெள்ளி, மணிக்கு 5 வெள்ளி 77 காசு. ஆளுக்குக் கிடைத்ததை வேலை நேரமாக மாற்றினால் 31 மணி நேரம். 2013-ஐவிட 15 மணி நேரம் குறைவு.