கீசருக்குள் ஒரு காவலாளி

விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கெடுத்து, இரவு பத்து மணிக்குக் கடை அடைத்து வீடு திரும்பும் வணிகர்களாகிய நமக்கு வெந்நீர்க் குளியல் ஆடம்பரமல்ல. அசதி தீர்க்கும் மருந்து. கீசர் சுவிட்சைப் போடுகிறோம். விளக்கு எரிகிறது. சற்று நேரத்தில் தானே அணைகிறது. அணைப்பது யார்? தெர்மோஸ்டாட் என்னும் சிறு கருவி.

பல கீசர்களில் இது தொட்டிக்குள் நீட்டியிருக்கும் ஒரு மெல்லிய பித்தளைக் குழாய். அதனுள்ளே இன்வார் என்னும் இரும்பு - நிக்கல் கலவைக் கம்பி. சூடேறினால் பித்தளை நீளும். இன்வார் அநேகமாக நீளாது. இந்த வித்தியாசம் கம்பியை இழுக்க, தலைப்பகுதியிலுள்ள சுவிட்ச் விலகி மின்சாரம் நிற்கிறது. நீர் ஆறினால் குழாய் சுருங்கி, சுவிட்ச் மறுபடி சேர்கிறது. இன்வாரை 1896-ல் கண்டறிந்த கியோம் என்ற விஞ்ஞானிக்கு 1920-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நமக்குத் தெரிந்த கணக்குக்கு வருவோம். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 1 யூனிட் மின்சாரம் ஆகும். 75 டிகிரிக்கு வைத்தால் ஒன்றரை யூனிட். குளித்தது போக மிஞ்சும் சூடு தொட்டியிலேயே ஆறி வீணாகிறது. வீட்டுக்கு 60 டிகிரி போதும். அந்தச் சூடே சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும் என்பதால், குழந்தைகளுக்குப் பச்சைத் தண்ணீர் கலந்த பிறகே ஊற்ற வேண்டும்.

தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் சூடு ஏறிக்கொண்டே போகும். அப்போது மின்சாரத்தைத் துண்டிக்கத் தனியாக ஒரு கட்-அவுட் உண்டு. அழுத்தத்தை வெளியேற்ற சேஃப்டி வால்வும் உண்டு. "கட்-அவுட் அடிக்கடி விழுகிறது, நேரடியாக இணைத்துவிடப்பா" என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். இது நாய் குரைக்கிறதென்று நாயை விரட்டிவிட்டுக் கடையைத் திறந்து போட்டுப் போவதற்குச் சமம். வால்வும் அடைத்திருந்தால் மூடிய தொட்டியில் நீர் 100 டிகிரியையும் தாண்டிச் சூடேறும். தொட்டி பிளந்தால் அந்த நீர் நொடியில் ஆவியாகிச் சுவரையே தகர்த்துவிடும்.

விளக்கு அணையாவிட்டாலும், குழாயில் ஆவி வந்தாலும் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மின்சாமான் விற்கும் நண்பர்களே, போலித் தெர்மோஸ்டாட்டில் வரும் நாலு காசு லாபம் நமக்கு வேண்டாம். தரமான சரக்கைப் பில்லோடு கொடுப்போம். வாங்குபவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.