வீடு வாங்கினால் கிளப்பும் சேர்த்தே!

நம் சங்கத்து உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் புளோரிடா மாநிலத்தின் தென்கிழக்குக் கடற்கரைப் பக்கம் காரில் சென்றால், சாலையோரம் நெடுந்தூரம் ஓடும் மதிலையும் வாயிலில் காவலர் அறையையும் காணலாம். உள்ளே ஏரிகள், புல்வெளிகள், அவற்றைச் சுற்றி வீடுகள். ஏதோ பெரிய விடுதி என்றுதான் முதலில் தோன்றும். விடுதியல்ல, குடியிருப்பு. கோல்ஃப் மைதானத்தையும் டென்னிஸ் ஆடுகளங்களையும் நடுவில் வைத்து அவற்றைச் சுற்றி வீடு கட்டி விற்கும் தனியார் 'கண்ட்ரி கிளப்' நகர்கள் இவை.

பணக்காரர் விளையாட்டு நமக்கு எதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். மனை விற்பனை, பற்றுக் கணக்கு, கடைக் குத்தகை, வரிச் சலுகை என்று வணிகர்கள் அன்றாடம் தொட்டுப் புழங்கும் சங்கதிகள் அத்தனையும் அந்த மதிலுக்குள் இருக்கின்றன.

முதலில் கொஞ்சம் பழைய கதை. அமெரிக்காவில் 'தி கண்ட்ரி கிளப்' என்ற பெயரோடு மாசசூசெட்ஸ் மாநிலத்துப் புரூக்லைனில் ஒரு கிளப் 1882-ல் தொடங்கியது. அப்போது அங்கு கோல்ஃப் கிடையாது, குதிரைச் சவாரிதான். வீடும் கிளப்பும் ஒரே வேலிக்குள் வந்தது 1886-ல், நியூயார்க் மாநிலத்து டக்சிடோ பார்க்கில். அதை உருவாக்கிய பியர் லோரிலார்டு, மூக்குப்பொடியிலும் புகையிலையிலும் செல்வம் சேர்த்த வணிகக் குடும்பத்தவர். (கல்யாண வரவேற்புகளில் மாப்பிள்ளை அணியும் 'டக்சிடோ' கோட்டுக்கு அந்த ஊரால்தான் பெயர் வந்தது.) 1950-களில் தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவில் சார்லஸ் பிரேசர் என்ற சட்டம் படித்த இளைஞர் 'சீ பைன்ஸ்' என்ற குடியிருப்பைத் தொடங்கினார். எந்த மரத்தை வெட்டலாம், வீடு எப்படி இருக்கலாம் என்பதையெல்லாம் கிரயப் பத்திரத்திலேயே நிபந்தனையாக எழுதி வைத்தவர் அவர். அங்குள்ள ஹார்பர் டவுன் கோல்ஃப் மைதானம் 1969-ல் திறக்கப்பட்டது. 1973-லிருந்து பெண்கள் டென்னிஸ் போட்டியும் நடந்தது. தொலைக்காட்சியில் போட்டியைப் பார்த்தவர்கள் மனை விசாரிக்க வந்தார்கள். பந்தயமே விளம்பரமாயிற்று.

இனி புளோரிடாவின் போகா ரேடன் நகருக்கு வருவோம். 1925-ல் கட்டடக் கலைஞர் அடிசன் மைஸ்னர் இங்கே ஒரு கனவு நகரை வரைபடத்தில் போட்டு, மனைகளை விற்கத் தொடங்கினார். நேரில் பார்க்காமலே மனை வாங்கி, மறுவாரம் லாபத்துக்குக் கைமாற்றிய காலம் அது. 1926-ல் சந்தை சரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் புயலும் அடித்தது. மைஸ்னருடைய நிறுவனம் எழவில்லை. அவர் கட்டிய ஓட்டல் மட்டும் நின்றது. முப்பது ஆண்டு கழித்து 1956-ல் அந்த ஓட்டலையும் சுற்றியுள்ள நிலத்தையும் வாங்கியவர் ஆர்தர் வைனிங் டேவிஸ், 'அல்கோவா' அலுமினிய நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். வாங்கும்போது அவருக்குத் தொண்ணூறை நெருங்கிய வயது! அறுபதில் கல்லாவை மகனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் கவனிக்க. தம் பெயரின் மூன்று பகுதிகளிலிருந்தும் இரண்டிரண்டு எழுத்தை எடுத்து 'ஆர்விடா' என்று நிறுவனத்துக்குப் பெயர் வைத்தார். அவர் காலமானது 1962-ல். அந்த ஆர்விடா நிறுவனம் 1970-களில் தொடங்கியதுதான் 'போகா வெஸ்ட்'. இன்று அதில் 4 கோல்ஃப் மைதானங்களும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் இருக்கின்றன. கிளப் உறுப்பினர்களுக்கே சொந்தம். உள்ளே வீடு வாங்குகிறவர் உறுப்பினராகச் சேர்ந்தே ஆக வேண்டும்.

மனைக் கணக்கு

ஒரு 18 குழி கோல்ஃப் மைதானத்துக்குச் சுமார் 150 ஏக்கர் நிலம் வேண்டும். அவ்வளவு நிலத்தை வீடு கட்டாமல் சும்மா போடுவது நஷ்டமல்லவா? இல்லை என்பதுதான் மனை வியாபாரியின் கணக்கு. பாக்குத் தோப்பில் வரப்பு போல மைதானத்தை நீளநீளமாக வளைத்து விட்டால், இரண்டு பக்கமும் 'மைதானம் பார்த்த மனை' கிடைக்கும். அதற்கு விலை கூடுதல். புளோரிடா தாழ்வான, சதுப்பான பூமி. வீட்டுக்கு மேடு போட மண் வேண்டும், மழைத் தண்ணீர் போக வடிகால் வேண்டும். ஆகவே ஏரி தோண்டுகிறார்கள். தோண்டிய மண் வீட்டுக்கு மேடாயிற்று, தோண்டிய பள்ளம் 'ஏரி பார்த்த மனை' ஆயிற்று. பள்ளத்தையும் காசாக்கும் இந்தச் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று. மனைகள் விற்கும் வரை மைதானமும் கிளப் கட்டடமும் விற்பனைக்கான கவர்ச்சிப் பொருள்கள். அதுவரை பராமரிப்பில் விழும் துண்டைப் பல இடங்களில் கட்டியவரே போட்டு நிரப்புவார். கடைசி மனையும் விற்ற பிறகு அவருக்கு அங்கே வேலையில்லை. கிளப்பைக் குடியிருப்போரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். அதற்குள் நீர்க் குழாய்கள் பழசாகியிருக்கும், கூரை ஒழுகத் தொடங்கியிருக்கும். சரக்கு தீர்ந்த பிறகு கடையை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது போலத்தான் இது என்று நமக்குத் தோன்றுகிறது. கட்டியவரைக் குறை சொல்லவும் முடியாது. பத்திரத்தில் எல்லாம் எழுதித்தான் இருக்கும்.

அந்தப் பத்திரம்தான் விஷயமே. உறுப்பினராவது கட்டாயம் என்ற நிபந்தனை நிலத்தோடு போகும். இன்று வாங்குகிறவர் பத்து ஆண்டு கழித்து விற்றால், அடுத்து வாங்குகிறவரையும் அது கட்டும். சேர்க்கைத் தொகை வீட்டு விலைக்கு மேல் தனி. ஒரு லட்சம் டாலரைத் தாண்டிய கிளப்புகள் பல உண்டு. அதற்கு மேல் ஆண்டுச் சந்தா, குடியிருப்போர் சங்கப் பராமரிப்பு, வண்டிக் கட்டணம். கட்டடத்தைப் புதுப்பித்தால் சிறப்பு வசூல் வேறு. முட்டி வலியால் மட்டையைத் தொட்டே மூன்று வருடமாயிற்று என்று சொன்னாலும் சந்தா நிற்காது. கட்டாமல் விட்டால் பல இடங்களில் அந்தப் பாக்கி வீட்டின் மேலேயே கடனாக ஏறும்.

இதன் விளைவு 2008-ல் அமெரிக்க வீட்டுச் சந்தை விழுந்தபோது வெளிப்பட்டது. கட்டாய உறுப்பினர் முறை உள்ள குடியிருப்புகளில், முக்கியமாக அடுக்குமாடி வீடுகளில், விற்கிறவர் மிகுதியாகி வாங்குகிறவர் இல்லாமல் போனார்கள். ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர் சந்தா ஓடிக்கொண்டிருக்க, சும்மா கொடுத்தாலும் போதும், சந்தாவிலிருந்து தப்பித்தால் சரி என்று அற்ப விலைக்கு விற்றவர்கள் உண்டு. தாய் தந்தையர் விட்டுப் போன வீட்டைப் பெற்ற பிள்ளைகளுக்கு அது சொத்தா, சுமையா என்பதே குழப்பமாயிற்று. சில கிளப்புகளில் சேர்க்கைத் தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்பந்தம் உண்டு. ஆனால் புதிதாக இரண்டு மூன்று பேர் சேர்ந்தால்தான் ஒருவருக்குத் திருப்பம். புதியவர் வராத காலத்தில் அந்த வரிசை நகரவில்லை. 2020-ல் தொற்று நோய்க் காலம் வந்தபோது நிலைமை தலைகீழாக மாறியது. வடக்கு மாநிலத்துக்காரர்கள் புளோரிடாவுக்குக் குடிபெயர, திறந்தவெளி விளையாட்டு என்பதால் கோல்ஃபுக்கும் கூட்டம் வர, சேர்க்கைத் தொகை ஏறியது. காத்திருப்போர் பட்டியல் நீண்டது. 2006-லிருந்து அமெரிக்காவில் புதிதாகத் திறந்த மைதானங்களைவிட மூடியவை அதிகம் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். போகா ரேடன் பக்கத்திலேயே மைஸ்னர் டிரெயில் என்ற மைதானம் 2005-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் வீடு கட்ட நில உடைமையாளர் அனுமதி கேட்க, மைதானம் பார்த்த வீடு என்று கூடுதல் விலை கொடுத்தவர்கள் எதிர்க்க, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

கிளப்புக்குள் கடை

நம்மவர்களுக்கு அதிகம் பிடிக்கக்கூடிய பகுதி இது. ஒவ்வொரு கிளப்பிலும் 'புரோ ஷாப்' என்று ஒரு கடை உண்டு. பந்து, மட்டை, சட்டை, தொப்பி விற்கும். முற்காலத்தில் இந்தக் கடை கோல்ஃப் கற்றுத்தரும் பயிற்சியாளருடைய சொந்தக் கடை. கிளப் அவருக்குச் சிறு சம்பளம் கொடுத்துவிட்டு, கடை நடத்தும் உரிமையைக் கொடுக்கும். முதல் அவருடையது, லாபமும் அவருடையது, தேங்கிய சரக்கும் அவருடையது. பின்னர் நகரத்தில் பெரிய கழிவு விலைக் கடைகள் வந்து, அதே பந்து டப்பாவை மலிவாக அடுக்கின. உறுப்பினர்கள் அங்கே வாங்கிக்கொண்டு இங்கே வந்து ஆடினார்கள். தனி ஆள் முதலால் ஈடுகொடுக்க முடியவில்லை. பல கிளப்புகள் கடையைத் தாமே எடுத்துக்கொண்டு பயிற்சியாளரைச் சம்பளக்காரராக்கின. தெருவில் பேரங்காடி திறந்த அன்று எதிர்க்கடைக்காரர் பட்ட பாடு, மதிலுக்குள்ளும் நடந்திருக்கிறது. இப்போது அந்தக் கடைகள் தாக்குப்பிடிப்பது பெரும்பாலும் கிளப் முத்திரை தைத்த துணிமணிகளால்தான். அந்த முத்திரை வெளிக்கடையில் கிடைக்காதே.

உள்ளே ரொக்கப் புழக்கம் மிகக் குறைவு. சாப்பிட்டாலும், சட்டை வாங்கினாலும், பாடம் படித்தாலும் உறுப்பினர் எண்ணைச் சொன்னால் போதும். மாதக் கடைசியில் பட்டியல் வீட்டுக்கு வரும். நம் பற்று நோட்டு முறையேதான்! ஒரு வேறுபாடு: நம்மிடம் பாக்கி வைத்தவர் அடுத்த தெருவுக்குக் குடிபோனால் நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அங்கே பாக்கி வைத்தவருக்கு முதலில் ஆடும் உரிமை நிற்கும். இன்னொன்றும் கேளுங்கள். ஆண்டுக்கு இவ்வளவு தொகைக்குக் கிளப் உணவகத்தில் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று பல கிளப்புகளில் விதி. சாப்பிடாவிட்டாலும் அந்தத் தொகை கணக்கில் ஏறும். வாடிக்கையாளர் வந்தாலும் வராவிட்டாலும் கல்லா நிறையும் கடை வேறு எங்கே கிடைக்கும்!

அப்படியானால் வெளியே இருக்கும் உணவகக்காரர், கடைக்காரர் கதி என்ன? இங்கே அமெரிக்க வரிச் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. லாப நோக்கமற்ற சமூகக் கிளப்புகளுக்கு உறுப்பினரிடம் பெறும் வருமானத்தில் வரி விலக்கு உண்டு. ஆனால் 1976-ல் செய்த ஏற்பாட்டின்படி, உறுப்பினரல்லாதவர் கிளப் வசதிகளைப் பயன்படுத்திக் கொடுக்கும் பணம் மொத்த வரவில் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்த வரவுக்கு வரியும் உண்டு. வரிச் சலுகையைக் கையில் வைத்துக்கொண்டு ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் கூடத்தை வாடகைக்கு விட்டு, வரி கட்டும் மண்டபக்காரரோடு போட்டியிட முடியாது. நியாயமான ஏற்பாடு என்றே நாம் கருதுகிறோம். 1993-ல் இன்னொரு சட்டம் வந்தது. அதுவரை கிளப் சந்தாவை வியாபாரச் செலவாகக் கணக்கில் எழுதி வந்த நிறுவனங்கள், 1994-லிருந்து அப்படி எழுத முடியாமல் போயிற்று. வாடிக்கையாளரை ஆட அழைத்துப் போகும் செலவையும் 2017-ல் வந்த சட்டம் நிறுத்திவிட்டது. சாப்பாட்டுச் செலவில் மட்டும் ஒரு பகுதி தப்பியது.

யாருக்கு வாயில் திறக்கும்?

மதில் என்றால் யாரை வெளியே வைப்பது என்ற கேள்வி வரும். யூதர்களைச் சேர்க்காத கிளப்புகள் இருந்த காலத்தில் அவர்கள் தங்களுக்கென்று தனிக் கிளப்புகளை அமைத்துக்கொண்டார்கள். கறுப்பின மக்களுக்குக் கதவு இன்னும் நெடுநாள் மூடியே இருந்தது. 1990 ஆகஸ்டில் அலபாமா மாநிலத்தின் ஷோல் கிரீக் கிளப்பில் பி.ஜி.ஏ. கோப்பைப் போட்டி நடக்க இருந்தது. மைதானத்தைச் சுற்றி வீடுகள் கொண்ட குடியிருப்புதான் அதுவும். அதை நிறுவிய ஹால் தாம்ப்சன் மண்வெட்டும் கனரக இயந்திரங்களை விற்கும் வணிகர். கறுப்பினத்தவரைச் சேர்க்கும்படி யாரும் எங்களை வற்புறுத்த முடியாது என்ற பொருளில் அந்த ஜூன் மாதம் அவர் நாளிதழ் ஒன்றிடம் பேசினார். கண்டனக் குரல்கள் எழுந்தன. ஆனால் கிளப்பை அசைத்தது கல்லாப்பெட்டிதான். ஐ.பி.எம்., டொயோட்டா, ஹோண்டா போன்ற நிறுவனங்கள் போட்டி ஒளிபரப்பிலிருந்து விளம்பரங்களைத் திரும்பப் பெற்றன. போட்டிக்கு முன்பே காப்பீட்டு நிறுவன அதிகாரியான லூயிஸ் வில்லி அங்கே முதல் கறுப்பின உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். பாகுபாடு காட்டும் கிளப்பில் இனிப் போட்டி இல்லை என்று கோல்ஃப் அமைப்புகளும் விதி வகுத்தன. பல கிளப்புகள் அவசர அவசரமாகக் கதவைத் திறந்தன. பணம் கொடுப்பவர் வாய் திறந்தால் எவ்வளவு வேகமாக வேலை நடக்கிறது என்பதைப் பார்க்கும்போது, முன்பே ஏன் திறக்கவில்லை என்று கேட்கவும் தோன்றுகிறது.

டென்னிஸ் பக்கம் சொல்ல வேண்டியது குறைவு. புளோரிடா கிளப்புகளில் பெரும்பாலும் பச்சை நிறக் கல்லைப் பொடியாக்கிப் போட்ட 'ஹார்-ட்ரூ' களங்கள். நாள்தோறும் தண்ணீர் விட்டு, உருளை ஓட்டிப் பராமரிக்க வேண்டும். ஆனால் வயதானவர் முட்டிக்கு இதமானது. இப்போது அந்தக் களங்களில் சிலவற்றைப் 'பிக்கிள்பால்' களங்களாக மாற்றி வருகிறார்கள். 1965-ல் வாஷிங்டன் மாநிலத்துத் தீவு ஒன்றில் தோன்றிய விளையாட்டு இது. சிறிய களம், துளையிட்ட பிளாஸ்டிக் பந்து. டக் டக்கென்று நாள் முழுதும் எழும் ஓசையைப் பொறுக்க முடியவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் செய்கிறார்கள். புரோ ஷாப்பிலோ அதன் மட்டைக்கென்று தனி அலமாரியே வந்துவிட்டது.