லாரி ஏறாத மலைக்கு இன்சுலின் சுமந்த கோவேறு கழுதைகள்!

வீட்டுக்கு இரண்டு கார் நிற்கிற நாடு அமெரிக்கா. அங்கேயும் ஆபத்துக்குக் கைகொடுத்தது கோவேறு கழுதை!

2024 செப்டம்பர் 27-ந்தேதி 'ஹெலீன்' புயல் வட கரோலினா மலைப்பகுதியைப் புரட்டிப் போட்டது. ரோடு அறுந்தது. பாலம் போச்சு. கரண்ட் இல்லை, போன் இல்லை. அந்த மாநிலத்தில் மட்டும் 100 பேருக்கு மேல் பலி.

மலை மேல் வீடுகளில் சிக்கியவர்கள் பாடு திண்டாட்டம். அதிலும் சர்க்கரை நோயாளிகள்! இன்சுலின் தீர்ந்தால் உயிருக்கே ஆபத்தாச்சே!

ஹெலிகாப்டர்கள் பறந்தன. மரம் அடர்ந்த சரிவில் எங்கே இறங்குவது?

அப்போது வந்து சேர்ந்தது ஒரு கோவேறு கழுதைக் கூட்டம். ராணுவ வீரர்களுக்கு மலையில் சுமை கொண்டு போகும் வித்தையைச் சொல்லித்தரும் பண்ணையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றின் முதுகிலும் சுமார் 90 கிலோ. சாப்பாடு, தண்ணீர், குழந்தைத் துணி, இன்சுலின். சேற்றிலும், சாய்ந்த மரங்களுக்கு நடுவிலும் நடந்தே மேலே ஏறின.

இதற்குத் தாய் குதிரை, தகப்பன் கழுதை. குளம்பு குறுகல், கரடுமுரடான பாதையில் சறுக்காது. காலடி மண் ஆட்டம் கண்டால் அடித்தாலும் நகராது. 'பிடிவாதம்' என்று நாம் ஏசுவது அதைத்தான்!

சுமை இறங்கியதும் கீழே திரும்பின, அடுத்த சுமைக்கு.