கிளை பிடிக்கும் கை

கொஸ்லந்த, பூணாகலைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் நிழலுக்கு நிற்பவை பெரும்பாலும் சவுக்கும் முள்முருங்கையும். நிழல் கூடிப்போனால் ஆள் ஏறிக் கிளை கழிப்பார். மோட்டார் வாள் என்றால் எல்லோருக்கும் பயம். கைவாளுக்கு யாரும் பயப்படுவதில்லை.

கைவாள் பெரும்பாலும் வெட்டுவது கிளையைப் பிடித்திருக்கும் கையைத்தான்; வலக்கைக்காரருக்கு இடது ஆட்காட்டி விரலும் பெருவிரலும். கிளை கழிக்கும் வளைந்த வாள் இழுக்கும்போது அறுக்கும். முதல் இரண்டு மூன்று இழுப்பில் பல் தடம் பிடித்திருக்காது. ஈரப் பட்டையில் வழுக்கித் துள்ளி, பக்கத்தில் இருக்கும் விரலில் விழும். கடைசி இழுப்பும் அப்படியே. சவுக்குக் கிளை படக்கென்று முறியும். இழுத்த பலத்தோடு வாள் நம்மை நோக்கி வரும்.

அதனால் அறுக்கும் இடத்திலிருந்து ஒரு முழமாவது தள்ளிப் பிடியுங்கள். முதல் இழுப்பு மெதுவாக இருக்கட்டும். கனத்த கிளையை முதலில் அடியில் கொஞ்சம் அறுத்துவிட்டு மேலிருந்து அறுத்தால் பட்டை கிழியாது. வாள் சிக்கினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஒரே ஒரு கையுறைதான் இருக்கிறதா? கிளை பிடிக்கும் கைக்குப் போடுங்கள். இடம் மாறும்போது வாள் உறைக்குள் போகட்டும். இடுப்புக் கயிறு கட்டாயம்: வெட்டுப்பட்ட கை தானாகவே பிடியை விட்டுவிடும்.

வாள் வெட்டு சதையைக் கிழித்து மரத்தூளை உள்ளே விடும். கோப்பித்தூள், மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம். சுத்தத் துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். இரத்தம் நின்றதும் விரலை மடக்கிப் பாருங்கள். மடங்கவில்லை, நுனி மரத்திருக்கிறது என்றால் தசைநாரோ நரம்போ அறுந்திருக்கலாம். காயம் சின்னதானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏற்பு ஊசி போட வேண்டுமா என்றும் கேளுங்கள். இரத்தம் நிற்காவிட்டால் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

அரைப் பேராகி அரை நாள் சம்பளம்தான் கிடைக்குமே என்று காயத்தைத் துணியில் சுற்றி மறைத்து வேலை செய்கிறவர்களின் நிலை புரிகிறது. ஆனால் விரல் ஊனமானால் போகப்போவது ஒரு நாள் சம்பளம் மட்டுமல்ல. வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கும் அது பொருந்தும். அன்றைக்கே கங்காணியிடம் சொல்லி, நாளும் இடமும் தோட்ட ஒப்பீசில் பதிவாகச் செய்யுங்கள். ஆஸ்பத்திரித் துண்டைப் பத்திரமாக வையுங்கள்.