தூரின் துணியும் நம் கபனும்

இத்தாலியின் தூரின் நகரில் ஒரு பழைய லினன் துணி பாதுகாக்கப்படுகிறது. நீளம் ஏறக்குறைய 4.4 மீற்றர், அகலம் 1.1 மீற்றர். அதில் ஒரு மனிதனின் முன்புறமும் பின்புறமும் தலையோடு தலை சேர மங்கலாகத் தெரிகின்றன. மணிக்கட்டிலும் பாதத்திலும் விலாவிலும் இரத்தக் கறைகள். இயேசுவை அடக்கம் செய்த துணி என்று கத்தோலிக்கர் பலர் போற்றுகிறார்கள்.

எங்கட ஆட்களிடம் இதுபற்றி இரண்டு பேச்சு உண்டு. “சும்மா பெயின்ட்” என்று சிரிப்பவர்கள் ஒரு சாரார். “இரத்தம் கசிந்திருக்கே, அப்ப ஈஸா நபி (அலை) சிலுவையில மௌத்தாகல்ல” என்று வட்ஸ்அப்பில் அனுப்புபவர்கள் இன்னொரு சாரார்.

முதல் பேச்சு அவசரப் பேச்சு. 1898இல் செக்கொண்டோ பியா என்பவர் அத்துணியைப் படம் பிடித்தபோது, நெகட்டிவ் தட்டில்தான் முகம் தெளிவாகத் தெரிந்தது. 1978இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஐந்து நாள் சோதித்தார்கள். துணியில் தேயிலைச் சாயம் பட்டால் மறுபக்கம் வரை ஊறும். பெரகலப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த உருவம் அப்படி ஊறவில்லை. நூலின் மேல் இழைகள் மட்டும் பழைய பத்திரிகைத் தாள் போல மஞ்சளித்திருக்கின்றன. வோல்டர் மெக்ரோன் என்ற நுண்ணோக்கி நிபுணர் மட்டும், காவித்தூள் கண்டேன், இது ஓவியமே என்று கடைசிவரை வாதிட்டார். உருவம் விழுந்த விதம் இன்றும் முடிவாகவில்லை.

ஆனால் மையித்தைக் கபனிட்டவர்களுக்கு ஒன்று விளங்கும். துணி கன்னத்தையும் காதையும் சுற்றிப் படியும். அதை விரித்தால் முகம் பூசணிக்காய் போல அகலமாக விழ வேண்டும். (பந்தில் கரி பூசித் துணி சுற்றிப் பாருங்கள்.) தூரின் முகமோ ஒடுங்கி, எதிரே நின்று வரைந்தது போல இருக்கிறது.

இனி, ஹதீஸுக்கு இஸ்னாத் பார்ப்பது போல இதற்கும் பார்ப்போம். சங்கிலி 1350களில், பிரான்ஸின் லிரே கிராமத்தில், ஜெஃப்ருவா த ஷார்னி என்ற வீரரின் குடும்பத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு முந்திய 1,300 வருடங்களுக்கு உறுதியான கண்ணி இல்லை. 1389இல் பியர் தார்சி என்ற ஆயரே, இது கையால் வரையப்பட்டது, வரைந்தவனைத் தமக்கு முன்னிருந்த ஆயர் கண்டுபிடித்தார் என்று பாப்பரசருக்கு எழுதினார். 1988இல் ஒக்ஸ்பர்ட், சூரிச், அரிசோனா ஆய்வுகூடங்கள் மூன்றும் கார்பன் சோதனையில் சொன்ன காலம் 1260–1390. வெட்டியெடுத்த துண்டு பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட இடம் என்ற மறுப்பு இருக்கிறது. எனக்கு அது வலுவாகப் படவில்லை.

வட்ஸ்அப் வாதத்துக்கு வருவோம். சிலுவையில் ஏற்றப்பட்டு உயிர் தப்பினார் என்பது அஹ்மதியாக்களின் கொள்கை. நிஸா அத்தியாயத்தின் 157ஆம் வசனம் கொலையை மட்டுமல்ல, சிலுவையில் அறையப்பட்டதையும் மறுக்கிறது. இந்தத் துணியை ஆதாரமாக்குபவர், தாம் மறுக்கவேண்டிய சிலுவையையே முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறார்; அதுவும் 14ஆம் நூற்றாண்டுத் துணியை நம்பி.

கத்தோலிக்கத் திருச்சபைகூட இதை நம்பியாக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. 1998இல் தூரினுக்கு வந்த பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல், ஆய்வை விஞ்ஞானிகளிடம் விடுவதாகச் சொன்னார்.