தராசு சொல்வதைக் கேட்க ஒருவர் வேண்டும்

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பிள்ளைகளைக் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியவர்கள் பலர். பிரஷர் மெஷின் பார்சலில் வந்துவிடுகிறது. காலையில் எடுத்த அளவு வாட்ஸ்அப்பில் மகளுக்குப் போகிறது. ஆனால் அந்த இலக்கத்தைப் பார்த்து மாத்திரையின் அளவை மாற்றக்கூடியவர் கண்ணில் அது படுவதேயில்லை.

அதே நகரின் கொட்டாஞ்சேனையில் நிலை வேறு. அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். கிளினிக் கொப்பியோடு விடியற்காலையில் போய் வரிசையில் நிற்பவருக்கு ஓட்டோக் காசும் அன்றைய கூலியும் போய்விடுகின்றன.

வீட்டிலிருந்தபடியே இதய நோயாளியைக் கண்காணித்தால் இந்தச் செலவு குறையுமா?

ஒரே நோய், இரு முடிவுகள்

அமெரிக்காவில் இதயச் செயலிழப்பு உள்ள 1,653 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு பகுதியினர் நாள்தோறும் தானியங்கித் தொலைபேசிக்கு அழைத்து எடையையும் அறிகுறிகளையும் பதிந்தார்கள். ஆறு மாதத்தில் மரணமோ ஆஸ்பத்திரியில் மறு அனுமதியோ குறையவில்லை. கடைசி வாரத்தில் வாரம் மூன்று தடவையாவது அழைத்தவர்கள் 55 சதவீதத்தினரே.

ஜெர்மனியில் 1,571 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. ஒரு பகுதியினரின் எடை, இரத்த அழுத்தம், ஈசிஜி, ஒட்சிசன் அளவு எல்லாம் நாள்தோறும் பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனைக்குப் போயின. அங்கே வைத்தியர்களும் தாதியரும் 24 மணி நேரமும் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூறு பேருக்கு ஆண்டுக்கு 11.3 ஆக இருந்த மரணம், கண்காணிக்கப்பட்டவர்களில் 7.9 ஆக இருந்தது. கண்காணிப்புச் செலவைக் கழித்த பின்னும் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 1,758 யூரோ மிச்சம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் நாட்கள் குறைந்ததே இதற்குக் காரணம்.

நம் நாட்டுக் கணக்கு

இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசக் கிராமங்களில் 2,645 பேரிடம் நடந்த இரத்த அழுத்த ஆய்வு 2020இல் வெளியானது. இங்கே குடும்பநல மாதர் வீடு தேடிப் போய் அழுத்தம் அளந்தார்கள்; கட்டுக்குள் வராதவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். மூன்று நாடுகளிலும் இப்படிக் கவனிக்கப்பட்டவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட மேல் அழுத்தம் சராசரியாக 5 அலகு கூடுதலாகக் குறைந்தது. இதை நாட்டில் விரிவாக்கினால், முதலாண்டில் இலங்கையில் பங்கேற்பவர் ஒருவருக்கு 6.42 டாலர் செலவாகும் என மதிப்பிட்டார்கள். பெரிய கருவி எதுவும் இல்லாமலே கிடைத்த பலன் இது.

வீட்டில் செய்யக்கூடியது

இதயச் செயலிழப்பு உள்ளவர் காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடுமுன், எடை பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் உடலில் நீர் தேங்குவதாக இருக்கலாம்; அன்றே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி வந்தாலோ மெஷினைத் தேடாமல் உடனே 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கருவியை அனுப்புமுன், அந்த இலக்கங்களை வாரம் ஒருமுறையாவது பார்த்துப் பதில் சொல்லும் குடும்ப வைத்தியர் ஒருவரை அம்மா அப்பாவின் வீட்டருகே பேசி வையுங்கள்.